ஒற்றைப் பூட்ஸ்

மார்ச் 3

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று தெரியும். உன்னிடம் பல்செட் கட்டிக்கொண்ட தச்சர் ஒருவர் போன வாரம் கடைக்குக் கீல் வாங்க வந்தார். "உங்க தம்பி கைவேலைம்மா" என்று வாயைத் திறந்து காட்டினார். சொந்தப் பல் எது, கட்டின பல் எது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாம். உன் குரலைக் கேட்டால் கத்திவிடுவேன், கடையில் ஆட்கள் நிற்பார்கள். காகிதத்தில் கத்தினால் யாருக்கும் கேட்காது.

என் பெரியவன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவன் படைப்பிரிவு அதிகாரி வந்தார். தாழ்ப்பாள் மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று முதல் தடவையாக முழுசாகச் சொன்னார். ஒரு பழைய கிடங்கில் இருந்திருக்கிறார்கள். எதிரி வந்துவிட்டான். அடிபட்டவர்களை மற்றவர்கள் உள்ளே இழுத்துப் போகிற நேரம், பெரியவன் தனியாகக் கிடங்கு வாசலை அடைத்துக்கொண்டு நின்று சுட்டிருக்கிறான். "கடைசி மூச்சு வரைக்கும் வாசலை விட்டு நகரலம்மா" என்றார்.

அதை நீ செய்து தர வேண்டும். அந்தப் பிளாஸ்டிக் சிப்பாய்களை வெட்டி ஒட்டி, கட்டைவிரல் உயரத்தில் ஆள் பண்ணுவாயே, அப்படி. வாசல், சுவர், அவன். கடை முகப்பில் பூட்டுகள் வைக்கிற கண்ணாடிப் பெட்டியைக் காலி பண்ணிவிட்டேன்.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அடக்கத்தன்று எல்லார் முன்னாலும் சொன்னதைத் திரும்ப வாங்குகிற ஆள் நான் இல்லை. மாசம் ஒரு சிப்பாய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நீதான் அவனுக்கு அந்த ஆசையை ஊட்டினாய். ஆனால் கோபம் வேறு, வேலை வேறு. வெளியாளிடம் கொடுத்தால் யாரோ ஒரு சிப்பாயைச் செய்வான். நீ என் பிள்ளையைச் செய்வாய்.

இன்னொன்று. சின்னவனும் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்துவிட்டான். ஜூன் கடைசியில் போய்ச் சேர வேண்டுமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணன் அப்படி நின்று செத்திருக்கும்போது தம்பியை எந்த வாயால் தடுப்பேன், நீயே சொல்.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தேன். மறுபடி எடுத்துப் படித்தேன். முடியாது என்று ஒரு பதில் எழுதி, அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

அடக்கத்தன்று பேசியதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இது வேறு கடிதமாகிவிடும். அன்றையிலிருந்து சிப்பாய் டப்பாக்களை நான் தொடவில்லை. இரும்பு பீரோ மேல் தூசி பிடித்துக் கிடக்கின்றன. நேற்று இறக்கி வைத்தேன்.

வேலை எப்படி என்று சொல்லிவிடுகிறேன், பிறகு தாமதம் என்று திட்டாதே. இந்தச் சிப்பாய்கள் கை தனி, கால் தனி, தலை தனி என்று ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும். கிள்ளி எடுத்து ஒட்ட வேண்டியதுதான், அது குழந்தை வேலை. நமக்கு வேண்டியது அது இல்லை. எல்லாக் கம்பெனிக்காரனும் வலதுகைக்காரனைத்தான் அச்சில் வார்க்கிறான். பெரியவன் இடதுகை. அவன் துப்பாக்கியைத் தூக்கினால் தோள் வேறு, கழுத்து வேறு, இடுப்பு திரும்புகிற விதமே வேறு. இரண்டு கையையும் தோளோடு அறுத்து, புட்டிப் பசை வைத்து, காய்ந்த பிறகு பல் செதுக்குகிற கத்தியால் சட்டை மடிப்பைப் புதுசாகச் செதுக்க வேண்டும். கடைசியில் பாதத்தில் துளை போட்டு, பித்தளைக் கம்பியை நுழைத்து, பலகைக்குள் இறக்குவேன். பசையை மட்டும் நம்பினால் லாரிப் பார்சலில் ஆள் விழுந்துவிடுவான்.

கிடங்குக் கதவு கீலில் தொங்குவதா, உருட்டி ஏற்றுவதா? சட்டைக் கை மடித்திருந்ததா? திரும்பி வந்த சாமான்களில் பூட்ஸ் இருந்தால் அதன் உயரத்தை அளந்து அனுப்பு.

சின்னவன் விஷயம் படித்தேன். தாய்மாமன் என்ற உரிமையில் ஏதாவது சொல்லலாம்தான். அந்த உரிமை இன்னும் என்னிடம் இருக்கிறதா என்பது உனக்குத்தான் தெரியும்.

தம்பி

மார்ச் 19

தம்பிக்கு,

கதவு பற்றி என்னிடமே கேட்கிறாய், நல்லது. அதிகாரியைப் போனில் பிடித்துக் கேட்டேன். இரட்டைக் கதவு, இரும்பு, வெளிப்பக்கம் திறப்பது, கனமான பட்டைக் கீல். மேல் கீல் ஒன்று பிய்ந்து கதவு சாய்ந்திருந்ததாம். அந்த எடைக்கு ஒரு கதவுக்கு நாலு கீலாவது வேண்டும், மூணு போட்டவன் யாரோ தெரியவில்லை. நான் விற்றிருந்தால் பிய்ந்திருக்காது.

சட்டைக் கை மடித்திருந்தானா என்று அவருக்கு ஞாபகம் இல்லை.

பூட்ஸ் ஒன்றுதான் வந்தது. இடது கால். சாமான் பையை அவிழ்த்தபோதே கேட்டேன், "இன்னொண்ணு எங்கே?" என்று. "எங்கேயாவது விட்டுப்போயிருக்கும்மா" என்றார்கள். சவப்பெட்டியைத் திறக்கக்கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் அதற்கு மேல் நான் கேட்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அளவு இந்தக் காகிதத்தின் பின்பக்கம் இருக்கிறது.

சின்னவன் உடல் தகுதிப் பரிசோதனையில் தேறிவிட்டான். தினமும் விடிந்ததும் எழுந்து தெருவைச் சுற்றி ஓடுகிறான். ஓடிவிட்டு வந்து அண்ணன் பனியனைப் போட்டுக்கொள்கிறான்.

அக்கா

ஏப்ரல் 8

அக்காவுக்கு,

இத்துடன் போட்டோ. வர்ணம் இன்னும் பூசவில்லை, அதனால் சாம்பலாக இருக்கிறான், பயப்படாதே.

கையை விட முகம்தான் பாடாய்ப் படுத்தியது. டப்பாவில் வருகிற தலை எல்லாம் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருக்கும். சிப்பாய் என்றால் எப்போதும் கத்திக்கொண்டே இருப்பான் என்று செய்கிறவனுக்கு ஓர் எண்ணம். பெரியவன் எதிலாவது கவனமாக இருந்தால் கீழுதட்டைக் கடித்துக்கொள்வான், உனக்கே தெரியும். வாயைப் புட்டியால் அடைத்து, உதட்டைப் புதுசாகச் செதுக்கினேன். வாயை அடைப்பதும் பல்லைச் செதுக்குவதும்தானே என் பிழைப்பு. இந்த ஒரு உதட்டுக்கு மட்டும் மூன்று ராத்திரி ஆயிற்று.

துப்பாக்கி இடது தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பார்த்துவிட்டுச் சொல், வர்ணம் தொடங்குகிறேன்.

தம்பி

ஏப்ரல் 17

தம்பிக்கு,

அவன்தான். போட்டோவைக் கல்லாப்பெட்டி மேல் வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே.

ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. அதிகாரி வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர் கடையில் நுழைந்தார். போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா. துப்பாக்கியை மட்டும் வலது தோளுக்கு மாத்தச் சொல்லுங்க. நான் கண்ணால பார்த்தேன், வலது தோள்ல வெச்சுத்தான் சுட்டான்" என்றார்.

கூட இருந்த மனுஷன் சொல்கிறார். நீ உன் பல்செட் லேபில் உட்கார்ந்துகொண்டு இடது என்று முடிவு கட்டுகிறாய். பட்டாளத்தில் எல்லாரையும் வலதுகைக்கு மாற்றிவிடுவார்களாய் இருக்கும். வலது தோளுக்கு மாற்று. உனக்கும் வேலை மிச்சம், கம்பெனிக்காரன் வார்த்த கையையே ஒட்டிவிடலாம். கேட்ட சரக்கு கேட்டபடி வர வேண்டும். என் கடையில் இடப்பக்கக் கீல் கேட்டவனுக்கு வலப்பக்கக் கீலைக் கொடுத்தால் முகத்திலேயே எறிவான்.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

மாற்ற மாட்டேன்.

கோபப்படாமல் இதைப் படி. இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் தள்ளிப்போட்டேன். நீ அந்த வாசலைப் பிடித்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருக்கிறாய், அது எனக்குத் தெரியும்.

பெரியவன் கடைசியாக லீவில் வந்தபோது அவன் வலது முன்கையில் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள் இருந்தன. நீதான் களிம்பு தடவினாய். "இது என்னடா, சமையல்கட்டுல விட்டுட்டாங்களா?" என்று கேட்டாய். அவன் சிரித்துக்கொண்டே சொன்னது ஞாபகம் இருக்கிறதா? வெடித்த தோட்டாவின் கூட்டைத் துப்பாக்கி வலது பக்கமாகத் துப்பும். இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அது சுடச்சுட வலது கையில் வந்து விழும். மாற்றிப் பழகச் சொன்னார்களாம், வரவே இல்லையாம், குறி தப்பாததால் அப்படியே விட்டுவிட்டார்களாம். வலது தோளில் வைக்கிறவனுக்கு அந்தத் தழும்பு வராது அக்கா.

அதிகாரிக்கு வேறு யாராவது ஞாபகத்தில் இருக்கலாம். அந்த நேரத்தில் புகை, சத்தம், குழப்பம் எல்லாம் இருந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நானும் நினைத்துப் பார்க்கிறேன். ஆனால் அவர் "கண்ணால பார்த்தேன்" என்று சொல்கிறார்.

இடது தோளில்தான் இருக்கும். வேண்டாம் என்றால் சொல்லிவிடு, டப்பாவில் போட்டு மூடிவிடுகிறேன்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். கடைப்பையன்கள் எல்லாம் பூட்டு எண்ணுகிற மாதிரி குனிந்துகொண்டார்கள்.

அப்புறம் யோசித்தேன். என்னிடம் பித்தளைச் சாமான் விற்க வருகிற ஏஜென்ட் ஒருத்தன் இருக்கிறான். எல்லாக் கடையிலும் ஒரே பேச்சு, ஒரே இடத்தில் சிரிப்பு, ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்துவான். அதிகாரி பேசினபோது எனக்கு என்னவோ அவன் ஞாபகம் வந்தது. அன்று அதை உதறிவிட்டேன். இந்தத் தடவை உதறவில்லை.

பெரியவன் போன அதே வாரம் பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொரு தாய் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறாள். தையல் கடை வைத்திருக்கிறாள். போனேன். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள்: "கடைசி மூச்சு வரைக்கும் வாசலை விட்டு நகரலையாம் என் பிள்ளை." அவள் பிள்ளை பட்டாளத்தில் சமையல்காரன்.

ஒரு ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராக நெட்டையனிடம் போனேன். பெரியவன் கடிதத்துக்குக் கடிதம் "நெட்டை, நெட்டை" என்று எழுதுவானே, அந்தப் பட்டாளத்துச் சினேகிதன். ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சைக்கிள் கடை மாடியில் அவன் அக்கா வீட்டில் இருக்கிறான். காலையிலேயே குடித்திருந்தான். ஆனாலும் நான் யார் என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்த்தான். "உட்காருப்பா, வாசல்ல என் பிள்ளை எப்படி நின்னான்னு சொல்லு, போதும்" என்றேன்.

"எந்த வாசல்மா?" என்று கேட்டான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வாசல்ல யாரும் நிக்கல. எதிரியும் வரல. எல்லாரும் உள்ளதான் இருந்தோம். இவன் ஒரு வாளியைக் கவுத்துப் போட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழட்டிட்டு, குதிகால் கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டிருந்தான். 'உன் காலுக்கு பூட்ஸ் செய்யறதுக்குப் பதிலா ரெண்டு படகு வாங்கிக் கொடுத்திருக்கலாம்டா நெட்டை'ன்னு என்னைக் கிண்டல் பண்ணான். நான் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். குண்டு விழுந்துடுச்சு."

"யாரோடது?"

"நம்மளோடதுதான்மா. பின்னாடி பீரங்கிக்காரங்க தூரத்தைத் தப்பா வெச்சுட்டாங்க. ரெண்டாவது குண்டு சரியாப் போச்சு."

அவன் கழற்றி வைத்த பூட்ஸ் பக்கத்தில் ஒரு கீறல் இல்லாமல் இருந்ததாம். அதைத்தான் எனக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

வாசலைத் தூக்கிப் போடு. வாளியைச் செய். அவன் உட்கார்ந்திருந்தபடி செய். சீக்கிரம் செய்.

அக்கா

மே 15

அக்காவுக்கு,

நீ எழுதியதைப் படித்த அன்று லேபில் என்னால் வேலை செய்ய முடியவில்லை. ஒரு பெரியவருடைய மேல்வரிசையைக் கீழ்வரிசை அச்சில் வார்த்துவிட்டேன்.

என்னால் இதைச் செய்ய முடியும் என்று தோன்றவில்லை. தெரியாததால் அல்ல. பெரியவனுக்கு இப்போது மிச்சம் இருப்பது ஊரார் அவனைப் பற்றிச் சொல்கிற பேச்சு ஒன்றுதான். அதையும் நாமே பிடுங்கி, வெறுங்காலோடு ஒரு வாளியில் உட்கார வைத்து, கடை முகப்பில் வைப்பதா? போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்து என்ன சொல்வான்?

உண்மை உனக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. நம்மோடு இருக்கட்டுமே.

தம்பி

மே 19

தம்பிக்கு,

கடை முகப்பில் வைப்பதற்கு என்று யார் சொன்னது? ஒரே ஒரு ஆள் பார்க்கத்தான் இது.

சின்னவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அந்த ஆள் எந்நேரமும் குடியிலேயே இருக்காரும்மா, ஏதோ உளர்றார். நீ என்னை அனுப்பக் கூடாதுன்னு அதைப் பிடிச்சுக்கிட்டே" என்று எழுந்து போய்விட்டான். பெற்றவள் பயத்தில் பேசுகிறாள் என்று நினைக்கிறான். பயத்தில்தான் பேசுகிறேன், அதில் என்ன வெட்கம்? அதற்காகச் சொன்னது பொய்யாகிவிடுமா?

என்னை நம்பமாட்டான். உன்னை நம்புவான். "மாமா அளக்காம ஒரு குச்சியைக்கூட வெட்டமாட்டார்" என்று அவன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். நீ செய்து அனுப்பினால் அது நடந்தது என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

செத்தவனை வைத்து இருக்கிறவனை நிறுத்தப் பார்க்கிறேன் என்று உனக்குத் தோன்றும். ஆமாம், அதைத்தான் செய்கிறேன். பெரியவனுக்குக் கௌரவம் போய்விடும் என்கிறாய். அவனுக்கு இனி எதுவும் போகாது. போக வேண்டியது எல்லாம் போய்விட்டது. எனக்கு மிச்சம் இருப்பது ஒன்று. அதை நான் விட முடியாது.

அவர்கள் அப்பா போன பிறகு தள்ளுவண்டியில் ஆணி விற்று இரண்டு பேரையும் வளர்த்தேன். அப்போது யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இப்போது உன்னிடம் கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 6

அக்காவுக்கு,

இன்று பார்சலில் போட்டுவிட்டேன். பஞ்சைப் பிரிக்கும்போது கத்திரிக்கோல் போடாதே, கையால் பிரி.

சிப்பாய் டப்பாக்களில் உட்கார்ந்த ஆள் கிடைப்பது கஷ்டம். ஒரு ராணுவ லாரி டப்பாவில் டிரைவர் இருந்தான். அவனுடைய இடுப்பையும் தொடையையும் எடுத்துக்கொண்டேன். ஸ்டீயரிங் பிடித்த கைகளை அறுத்து, ஒன்று குதிகாலைப் பிடித்திருக்கிற மாதிரியும் ஒன்றில் பிளாஸ்திரி இருக்கிற மாதிரியும் திருப்பினேன். தலை மட்டும் முதலில் செய்ததேதான். உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற தலை. அது குறி பார்க்கிற முகம் என்று நினைத்துச் செய்தேன். குனிய வைத்தபோது பிளாஸ்திரி ஒட்டுகிற முகமாகவும் இருந்தது. ஒரு இம்மிகூட மாற்ற வேண்டி வரவில்லை.

வெறும் பாதம் எந்த டப்பாவிலும் கிடையாது. எல்லாச் சிப்பாயும் பூட்ஸோடுதான் வார்க்கப்படுகிறான். பல்செட் செய்கிற பசையில் பாதத்தை நானே செதுக்கினேன், ஐந்து விரலோடு. இடது குதிகாலில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்தில் இருக்கிற பூட்ஸுக்கு நீ அனுப்பின அளவு, செம்புக் கம்பி இழையில் லேஸ்.

ரத்தம் இல்லை, குண்டு இல்லை. நெட்டையன் வாயைத் திறந்த அந்த நேரம், அவ்வளவுதான். வாசலை நான் தூக்கிப் போடவில்லை. கதவு சாய்ந்து திறந்திருக்கிறது, அங்கே யாரும் நிற்கவில்லை.

உன் நினைப்பு சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் செய்துகொண்டிருந்தபோது அவன் என்னோடு மேஜையில் இருந்தான். அது போதும் என்று செய்தேன்.

தம்பி

ஜூன் 14

தம்பிக்கு,

வந்து சேர்ந்தது. எதுவும் உடையவில்லை.

வந்த அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு, சின்னவனைக் கூப்பிட்டு, பெட்டி மூடியைத் தூக்கினேன். அவன் மேஜைக்கு முன்னால் மண்டி போட்டு, கண்ணை அந்தப் பொம்மையின் மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தான். நீ பார்ப்பாயே, அதே மாதிரி.

"கொப்புளம் சரியா அங்கதான்மா வரும் அவனுக்கு" என்றான். அப்புறம், "பூட்ஸ் ஒண்ணு வந்ததே, எங்கே வெச்சிருக்கே?" என்றான். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு, பெரிய பூட்ஸையும் சின்னப் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். கடைசியில், "மாமா பொய் சொல்லமாட்டார்" என்றான். தோள் குலுங்கிற்று. அடக்கத்தன்று கூட அழாதவன்.

மறுநாள் ஓடப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. கடைக்கு வந்து கீல் பெட்டிகளை அடுக்கிக் கொடுத்தான். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நேற்றுதான் நான் தூங்கினேன்.

இன்று காலை, "அம்மா, கடையில இருக்கறதுலயே மெல்லிசா ஒரு ரம்பம் குடு. மாமா மாதிரி ஏதாவது செய்யணும்போல இருக்கு" என்றான். எடுத்துக் கொடுத்தேன். நீயும் பிள்ளைகளும் செய்த பொம்மைகளை எல்லாம் அடக்கத்துக்கு மறுநாளே தெருவில் கொட்டினேனே, மிச்சம் வந்த கை கால் தலை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, அவன் பரண் மேல் ஒளித்து வைத்திருக்கிறான். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறேன்.

அக்கா

ஜூன் 18

அக்காவுக்கு,

படித்தேன், சந்தோஷம். ஆனால் அந்த ரம்பம் என்னை உறுத்துகிறது. பொம்மையை வெறுத்து உடைக்க நினைக்கிறவன் சுத்தியல் கேட்பான். ரம்பம் கேட்கிறவன் வேறு எதையோ நினைக்கிறான்.

அவன் என்ன செய்கிறான் என்று எட்டிப் பார். போய்ச் சேர வேண்டிய தேதியை ரத்து பண்ண அவன் எழுதிப் போட்டானா என்று வாய்விட்டுக் கேள்.

தம்பி

ஜூன் 27

தம்பிக்கு,

உன் கடிதம் எனக்கு வந்தது அவன் போன பிறகு.

புதன்கிழமை நான் சரக்கு இறக்கக் கிடங்குக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் படுக்கை மடித்து வைத்திருக்கிறது. மேஜை மேல் நீ அனுப்பின பெட்டி, மூடி போட்டு. சீட்டு கீட்டு எதுவும் எழுதி வைக்கவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் இருந்த பூட்ஸைக் காணோம்.

மூடியைத் திறந்தேன். வாளி காலியாக இருந்தது. பெரியவனை இடுப்பில் அறுத்து எழுப்பி நிற்க வைத்திருக்கிறான். காலுக்கு அந்தப் பிஸ்கட் டப்பாவிலிருந்து வேறு தொடை எடுத்திருக்கிறான். ஒட்டின இடம் எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன், தெரியவில்லை. அவ்வளவு சுத்தம். சாய்ந்த கதவுக்கு நடுவில், வெளியே பார்த்தபடி நிற்கிறான். துப்பாக்கி இடது தோளில்.

நடந்தது அவனுக்குத் தெரியும். தெரியாமல் செய்யவில்லை. ஏனென்றால் இடது கால் வெறுங்கால்தான். நீ செதுக்கின பாதத்தை அவன் மாற்றவில்லை. சிவப்புப் பொட்டுகூட அப்படியே இருக்கிறது.

பக்கத்தில் இன்னொரு ஆள். சின்னவன். உயரத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பெரியவனைவிட ஒரு நூல் அளவு குட்டை, காது கொஞ்சம் விடைத்துக்கொண்டு. வர்ணம் பூசவில்லை, முழுக்கச் சாம்பல். துப்பாக்கி தோளில் தொங்குகிறது. கையில் நீ செய்த சின்னப் பூட்ஸைப் பிடித்து அண்ணனிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

சின்னவன் நிஜத்தைப் பார்த்தால் நின்றுவிடுவான் என்று கணக்குப் போட்டேன். வாடிக்கையாளன் கண்ணைப் பார்த்தே எந்தத் தாழ்ப்பாள் கேட்பான் என்று சொல்லிவிடுகிறவள் நான். என் வயிற்றில் பிறந்தவனைப் படிக்கத் தெரியவில்லை. அண்ணன் பொய்யாக நின்றான் என்றால் அதை மெய்யாக்கப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

முகாமுக்குப் போன் செய்தேன். பயிற்சி முடிகிற வரை பேச விடமாட்டார்களாம். அதிகாரியையும் கூப்பிட்டேன். "தைரியமான குடும்பம்மா" என்றார். வைத்துவிட்டேன்.

பெரியவன் அந்த வாசலில் நிற்கட்டும், பரவாயில்லை. சின்னவனை மட்டும் அந்தப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும். விரலால் அசைத்துப் பார்த்தேன், வரவில்லை. என்னிடம் குறடு இருக்கிறது, உளி இருக்கிறது, கடை நிறைய ஆயுதம் இருக்கிறது, கை வைக்கப் பயமாக இருக்கிறது. கால் உடையாமல் அவனை மட்டும் தனியாக எடுப்பது எப்படி என்று உடனே எழுது.

அக்கா

ஜூலை 1

அக்காவுக்கு,

இழுக்காதே. பாதத்துக்குள் கம்பி வைத்திருப்பான், இரண்டு காலிலும். இழுத்தால் கணுக்காலோடு முறிந்துவிடும். உடைக்காமல் எடுக்க வழி இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

மூடியைப் போட்டு வெயில் படாத இடத்தில் வை. வர்ணம் பூசித் தருகிறாயா என்று நீ கேட்கவில்லை, கேட்டாலும் பூசமாட்டேன். அது அவன் வேலை. பாதியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான், வந்து முடிக்கட்டும்.

காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். நாளைச் சாயங்காலம் கடைக்கு வருவேன். இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வருமோ, பின்னால் வருமோ, தெரியாது. எப்படி வந்தாலும் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடாதே. கத்துவதானால் நேரில் கத்து.

தம்பி